எட்டு வரைக்கும்

மாவு தூவிய மேசையின் மேல் அவள் விரலால் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. கோட்டின் நடுவில், வலப்பக்கமாக நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் குச்சி.

“ஆ,” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த எழுத்திலும் அதே வட்டம், அதே கோடு. குச்சி மட்டும் இடப்பக்கம், வட்டத்தைப் பார்த்துக்கொண்டு. அதற்கு வாயை ‘அ’வுக்கும் ‘ஒ’வுக்கும் நடுவில் எங்கேயோ நிறுத்த வேண்டும் என்று ஜெராக்ஸ் கடைப் பெண் சொல்லியிருந்தாள். அந்த நடுவிடம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுத்தை மட்டும் தாழ்ப்பாளாக ஞாபகம் வைத்துக்கொண்டாள். முதலாவது வெளித்தாழ்ப்பாள், இரண்டாவது உள்தாழ்ப்பாள்.

பக்கத்து மேசையில் பன்னுக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, மாவுல பூட்டு வரையறீங்க?”

“கொரியா எழுத்து.”

“இந்த வயசுல கொரியாவா? அங்க உங்களுக்கு எந்த மாப்பிள்ளை காத்துக்கிட்டிருக்கான்?”

“மாப்பிள்ளை எங்கயும் போகல. வீட்டுலதான் படுத்திருக்காரு.”

கேட்டவள் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ரொட்டிக்கூடத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். இவள் உள்ளங்கையால் எழுத்துகளை அழித்துவிட்டு, அடுத்த மாவுக் கட்டியைத் தூக்கி அதே இடத்தில் போட்டாள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். ஈரக் குளிரில் மாவு எழும்ப நேரம் பிடித்தது. எழும்பாத மாவைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப்போல் எரிச்சலான வேலை கிடையாது. அந்த நேரத்துக்குத்தான் அவள் எழுத்துப் பழகினாள்.

அவள் கணவர் கொரியாவில் கப்பல் கட்டும் தளத்தில் பெயின்ட் அடித்தவர். கல்யாணமான சில மாதங்களிலேயே போனார். மகன் நடந்ததை, பேசியதை, பள்ளிக்கூடம் போனதையெல்லாம் விடுமுறைக்கு வந்த இடைவெளிகளில்தான் பார்த்தார். வரும்போதெல்லாம் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவார். அந்த ஊரைப் பற்றி ஒரு பேச்சும் கொண்டுவரமாட்டார். “வேலைதான். வேற என்ன?” என்பார். முதுகு வளையத் தொடங்கியதும் ஒரேயடியாகத் திரும்பி வந்து, கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயின்ட் அடிக்கிற சின்னப் பட்டறை வைத்தார். ஒரு நாள் காலை, டப்பாவில் பெயின்ட்டைக் கலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து குச்சி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. மருத்துவமனையில் பல நாள் வாயே திறக்காமல் கிடந்தவர் ஒருவழியாகப் பேச ஆரம்பித்தபோது யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. உளறல் என்று எல்லாரும் நினைத்தார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள், அவள் தட்டில் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தபோது, “பல்லி, பல்லி” என்று அதட்டினார். அவள் பதறிப்போய் மேலே பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். எதற்கு வம்பு என்று தட்டுச் சோற்றைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். அவர் பெருங்குரலில் கத்திவிட்டு அழுதார்.

மருத்துவச் சீட்டுகளை நகலெடுக்கக் கொடுத்திருந்ததைத் தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பெண் அன்றைக்கு வீட்டுக்கே கொண்டுவந்தாள். கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் போனில் கொரியா நாடகம் பார்ப்பதால் தெருவில் அவளுக்குச் சீரியல் என்றே பேர். வாசலில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, அண்ணன் உளறல. கொரியன்ல பேசறாரு. சீக்கிரம் சீக்கிரம்ங்கறாரு.”

பசித்த மனிதரின் சோற்றைக் கொட்டிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மருத்துவரிடம் கேட்டதற்கு, அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பிறந்ததிலிருந்து பேசியது உள்ளே அடைபட்டுப்போய் பிறகு கற்றது முன்னால் வந்து நிற்கும் என்றார். தமிழ் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். எது வருகிறதோ அதில் பேசுங்கள் என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. வீட்டுப் பெட்டி, வெளியூர்ப் பெட்டி என்று இரண்டு இருந்து, வீட்டுப் பெட்டியை மட்டும் எவனோ தூக்கிக்கொண்டு போனமாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அவரை வைத்திருந்தது போதாதென்று அந்த ஊர் இப்போது வாயையும் எடுத்துக்கொண்டது. சண்டை போடலாம் என்றால் அதற்கும் அவளுக்குப் பாஷை தெரியாது.

அதனால்தான் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

அதிகாலை ரொட்டியெல்லாம் வண்டியேறிய பிறகு, மதியம் பன் போடும் வேலை தொடங்கும்வரை கொஞ்சம் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் சீரியல் ஒரு முக்காலியை இழுத்துப் போடுவாள். இயந்திரம் சூடாகிக் காகித வாடை அடிக்கும். முதல் நாள் அந்தப் பெண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன்னிடம் ஒருவர் பாடம் கேட்டு வருவார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

“ஒரு நல்ல விஷயம் தெரியுமா அக்கா? அம்மா, அப்பா ரெண்டும் அங்கயும் கிட்டத்தட்ட அதேதான்.”

“அவரு எங்கிட்ட அம்மா எங்க அப்பா எங்கன்னா கேக்கப்போறாரு? தண்ணிக்கு என்ன, ஒண்ணுக்குப் போறதுக்கு என்ன, அத முதல்ல சொல்லு.”

சீரியல் விழித்தாள்.

“சீரியல்ல யாரும் ஒண்ணுக்குப் போகமாட்டாங்க அக்கா.”

பிறகு போனில் தேடிக் கண்டுபிடித்தாள். தண்ணீருக்கு முல். சோற்றுக்குப் பாப். ஆமாம் என்றால் நே, இல்லை என்றால் அனியோ. வணக்கத்துக்கு மட்டும் ரயில் மாதிரி நீளமாக ஒரு சொல் இருந்தது. கட்டிய கணவருக்கு வணக்கம் எதற்கு என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே டம்ளரோடு நின்று, “முல்?” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, பேசியது யார் என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி அவளைப் பார்த்தார்.

“நே,” என்றார்.

தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஒரு சொல் பலித்ததும் எல்லாம் பலிக்கும் என்று நினைத்தது அவள் தப்பு. சீரியலுக்குத் தெரிந்தது அரண்மனையிலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் மழையில் குடை பிடித்தபடியும் பேசுகிற கொரியன். அவருக்குத் தெரிந்ததோ கப்பலின் வயிற்றில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு கத்துகிற கொரியன். அவர் சொல்வதை அவள் காதில் வாங்கி, உருக்குலையாமல் தெருமுனைவரை கொண்டுபோய் ஒப்பிப்பாள். பாதிக்கு மேல் சீரியலுக்கே தெரியாது. ஒரு நாள் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சீரியல் முகம் சிவந்து, காகிதக் கட்டை அடுக்குவதுபோல் பாவனை செய்தாள்.

“அது... கெட்ட வார்த்தை அக்கா. வில்லன் சொல்வான்.”

“எங்கிட்டயா சொன்னாரு?”

“எப்ப சொன்னாரு?”

“அந்த எக்சர்சைஸ் அம்மா வந்தப்ப.”

“அப்ப அவங்களத்தான்,” என்றாள் சீரியல். இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த எக்சர்சைஸ் அம்மாதான் இப்போது வீட்டின் பெரிய பிரச்சினை. நடுவயதுக்காரி, நல்ல மனுஷி. டாக்டரம்மா என்று கூப்பிடாதீர்கள், நான் பிசியோதெரபிஸ்ட் என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள். இவளும் சரிங்க டாக்டரம்மா என்று சொல்லிவிட்டாள். வாரத்தில் சில நாள் வந்து அவர் காலை மடக்கி நீட்டுவாள், கையைத் தூக்குவாள், ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். எழுந்து நிற்கச் சொன்னால் இடது கையால் அவள் கையைத் தட்டிவிடுவார். கால் வலுவில்லாமல் இல்லை என்றாள் பிசியோ. படுக்கையில் கிடந்தபடியே அவர் உதைத்த உதையில் அவளுக்கே முழங்கையில் கன்றியிருந்தது.

“அவரா எந்திரிச்சு நிக்கணும்மா. ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாலும் போதும், மீதிய நான் பாத்துக்கறேன். அவரு மனசு வைக்காம நான் வந்து போறதுல அர்த்தமில்ல. நீங்களும் தூக்கித் தூக்கி இடுப்ப ஒடிச்சுக்காதீங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஆள் தேடணும்.”

இடுப்பு ஏற்கெனவே பாதி போயிருந்தது. ரொட்டித் தட்டுகளை அடுப்பிலிருந்து இழுக்கும்போது கூட வேலை செய்பவர்கள் ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தார்கள். வேலையில்லாத பகல்களில் அவள் அவரை உட்காரவைத்து, துடைத்து, துணி மாற்றி, திருப்பிப் போட்டாள். வேலை நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்கார்ந்திருந்தார். அத்தையால் பார்த்துக்கொள்ளத்தான் முடியும், தூக்க முடியாது.

மகன் வேறு ஊரில் ஏசி பழுது பார்க்கிறான். அவனுக்கும் கூரை மேல் ஏறி இறங்குகிற வேலைதான். தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு காப்பகம் பார்த்து வைத்திருந்தான். சுத்தமான இடம், கட்டிலுக்குக் கட்டில் ஆள் இருக்கிறது, ஒரு இடம் காலியாகியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று போனில் சொன்னான்.

“அவர அங்க கொண்டுபோய் விட்டா யாருடா அவருகிட்ட பேசறது?”

“இங்க மட்டும் யாரும்மா பேசறா? நீ ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டு வந்து சொல்ற. அப்பாவ மட்டும் நான் யோசிக்கல. உன்னையும் சேர்த்துத்தான் யோசிக்கறேன். நீ விழுந்தா நான் எங்க போவேன், சொல்லு.”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. குளியலறை வாசலில் அவரைத் தாங்கிக்கொண்டு நின்ற ஒரு பொழுதில் அவளுக்கே அந்த எண்ணம் வந்துபோனதுண்டு. ஆனால் அங்கே போனால் அவர் கண்ணை மூடிக்கொள்வார், பிறகு திறக்கமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து நின்றால் இங்கே இருக்கலாம். நிற்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. கணக்கு அவ்வளவுதான்.

அந்த வாரம் சீரியல் எண்களைத் தொடங்கியிருந்தாள். ஹனா, துல், செத், நெத். தசொத், யொசொத், இல்கொப், யொதொல். அஹொப், யொல். பத்து வரை ஒரே மூச்சில் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியமாதிரி என்றாள். மீதிப் பாதியில் விழுந்தால் என்ன ஆவது என்று இவள் கேட்டாள்.

சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கியபடி எண்ணிப் பழகினாள். ஒரு பாத்திரத்துக்கு ஒரு எண். அறைக் கதவு திறந்திருந்தது. செத், நெத் என்று போய்க்கொண்டிருந்தபோது கட்டில் கிறீச்சிட்டது. விழுந்துவிட்டாரோ என்று கை நுரையோடு ஓடிப்போய்ப் பார்த்தாள்.

விழவில்லை. அவருடைய இடது கை தலைக்கு மேல் நேராக உயர்ந்திருந்தது. அவள் வாய் நின்றதும் கையும் அப்படியே நின்றது. கண்கள் திறந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். “தசொத், யொசொத்...” கை பக்கவாட்டில் இறங்கியது. பிறகு மார்புக்கு வந்தது. வலது கையும் போர்வைக்குள் கொஞ்சம் புரண்டதுபோல் இருந்தது. அவள் பார்த்தாளா, பார்த்ததாக நினைத்துக்கொண்டாளா, தெரியாது. “இல்கொப், யொதொல். அஹொப்—”

“அனியோ.”

கையைக் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார். பிறகு அவரே சொன்னார்: “துல், துல், செத், நெத்.”

அவள் மறுபடி சொல்லிக் காட்டினாள். அவர் மறுபடி எட்டில் நிறுத்திவிட்டு, பின்னால் போய் இரண்டைப் பிடித்துக்கொண்டார். அதையும் இரண்டு தடவை சொன்னார்.

அவள் வெளியே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். நுரை காய்ந்து கை இழுத்தது. மிச்சமிருந்த பெட்டியிலும் ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்தாள்.

சீரியலும் அதையேதான் சொன்னாள். ஒன்பதும் பத்தும் மறந்துவிட்டது போலிருக்கிறது, விடக்கூடாது, ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். எண்களைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். அதைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார்கள். இவள் ரொட்டிக்கூடத்தில் உடைந்துபோன பன்களைக் கேட்டு வாங்கி வந்து, தட்டில் பத்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அவர் பொறுமையாக எட்டு வரை வந்தார். எட்டாவது பன்னிலிருந்து விரல் முதல் பன்னுக்குத் தாவியது. “துல்,” என்றார். அவள் ஒன்பதாவதைக் கையில் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “அஹொப். சொல்லுங்க. அஹொப்,” என்றாள்.

அவர் அதைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். அச்சடித்த தாளில் சரியாகப் பத்தின் மேல் பட்டு விழுந்தது.

அடுத்த நாள் சீரியல் முயன்றாள். அதற்கடுத்த நாள் இருவரும் சேர்ந்து முயன்றார்கள். அதோடு அவர் எண்ணுவதையே நிறுத்திவிட்டார். முல் என்றாலும் பதிலில்லை, பாப் என்றாலும் பதிலில்லை. முகத்தை மறுபக்கச் சுவரை நோக்கித் திருப்பிக்கொண்டார். பிசியோ வந்து, உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மகன் வரும்போது தானும் வந்து பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மாலை, வேறு வழி தோன்றாமல், அவருடைய போனை எடுத்து ஒல்லியண்ணனுக்கு அடித்தாள். கொரியாவில் அவரோடு ஒரே அறையில் தங்கி ஒரே கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவர். இப்போது எங்கோ தொலைவில் மகள் வீட்டில் இருக்கிறார். நலம் விசாரித்தவருக்கு மேலே பேச இடம் கொடுக்கவில்லை. இவளே மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். ஒன்பதும் பத்தும் போய்விட்டதைச் சொன்னபோது அவர் குறுக்கிட்டார்.

“இரு தங்கச்சி. எட்டு முடிஞ்சதும் என்ன சொல்றான்?”

“ரெண்டு, ரெண்டு, மூணு, நாலுன்னு.”

ஒல்லியண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

“அவன் ஒண்ணும் மறக்கலம்மா. அங்க ஒம்பது பத்துக்கு என்ன வேலை? தினம் காலையில வேலைக்கு முன்னாடி எல்லாரையும் வரிசையா நிறுத்தி உடற்பயிற்சி. ஒலிபெருக்கில எண்ணுவான். எட்டு வரைக்கும்தான். எட்டு முடிஞ்சா அடுத்த சுத்து. ரெண்டாவது சுத்துங்கறதுக்கு அடையாளமா ஒண்ணுக்குப் பதிலா ரெண்டுன்னு ஆரம்பிப்பான். மழையோ பனியோ, ஒரு நாள் தப்பாது. எனக்கே இப்பவும் யாராச்சும் அப்படி எண்ணினா தோள் தானா தூக்கும்.”

அவளுக்குப் பத்துப் பன்கள் ஞாபகம் வந்தன.

“நீ எங்கிருந்து எண்ணின?”

“அடுப்படியில, பாத்திரம் கழுவிக்கிட்டே.”

“சரியாப் போச்சு. எதிர்ல ஆள் வேணும். ஜோடி ஜோடியாத்தான் நிப்போம். எனக்கு ஜோடி அவன்தான். பயிற்சி முடிஞ்சதும் ஒருத்தர ஒருத்தர் பாக்கணும். தலையில ஹெல்மெட் இருக்கா, கை நீட்டி, ஜோவா. நல்லாருக்குன்னு அர்த்தம். இடுப்புல பெல்ட் இருக்கா, ஜோவா. கால்ல ஷூ இருக்கா, ஜோவா. மத்தவனெல்லாம் வாய்க்கு வந்தபடி ஜோவா ஜோவான்னுட்டுப் போயிடுவான். உன் வீட்டுக்காரன் மட்டும் ஒண்ணு சரியில்லன்னா வாயே திறக்கமாட்டான். நின்னுக்கிட்டே இருப்பான். லைனே நிக்கும். போர்மேன் வந்து கத்துவான், அப்பவும் நிப்பான். ஒரு நாள் நான் பெல்ட் கொக்கிய மாட்டாம வந்துட்டேன்...”

அவருக்கு மறுபடி இருமல் வந்தது.

“இன்னிக்கு மகள் வீட்ல உக்காந்து உன்கூடப் பேசிக்கிட்டிருக்கேன்ல. அவ்வளவுதான்.”

போனை வைத்ததும் அவள் அறைக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தெடுத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கிழிகிற சத்தத்தைக் கேட்டார். தோள் அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு விடுமுறை கிடையாது. அதிகாலை வேலையை முடித்துவிட்டு, துணி மாற்றக்கூட நிற்காமல் தூறலில் நடந்து வந்தாள். தலையில் கூடத்து வெள்ளைத்துணி, இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஏப்ரன், முழங்கைவரை மாவு. வாசலில் மகனின் வண்டி நின்றிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பிசியோவும் வந்திருந்தாள். மகன் அலமாரியிலிருந்து அப்பாவின் சட்டைகளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிய கண்கள். அம்மாவைப் பார்த்ததும், “சாப்பிட்டியாம்மா?” என்றான். “கொஞ்சம் இரு,” என்றாள் அவள்.

ஜன்னல் பக்கம் போய்த் திரையை விலக்கினாள். பிசியோவிடம், ஒரு தடவை மட்டும் தான் சொல்வதுபோல் செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். பிசியோ சரி என்றாள். இருவருமாக அவரைத் தூக்கிக் கட்டில் விளிம்பில், ஜன்னலைப் பார்க்க உட்காரவைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எதிரே, ஒரு கை தூரத்தில் போய் நின்றாள். இரண்டு காலையும் சேர்த்து, கையைத் தொங்கவிட்டு.

கூடத்தில் அடுப்புக்காரருக்குக் கேட்பதற்காகக் கத்திக் கத்திப் பழகிய குரல் அவளுக்கு. அந்தக் குரலில் ஆரம்பித்தாள்.

“ஹனா. துல். செத். நெத்.”

மகன் சட்டையோடு திரும்பினான். அவர் கண்ணைத் திறந்தார். முதலில் தலைத்துணியைப் பார்த்தார். பிறகு முகத்தை.

“தசொத். யொசொத்.” அவள் தன் கைகளைத் தூக்கினாள். அவருடைய இடது கை உயர்ந்தது. அவள் எப்படியெப்படியோ ஆட்டினாள். பயிற்சி என்ன என்று ஒல்லியண்ணனிடம் கேட்க மறந்திருந்தாள். அவர் கை அவளைப் பின்பற்றவில்லை. அதற்குத் தன் வழி தெரிந்திருந்தது. “இல்கொப். யொதொல்.”

அவள் நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் சொன்னாள்: “துல், துல், செத், நெத்.”

அவர் இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது. முதுகு முன்னால் சாய்ந்தது. பிசியோ ஒரே எட்டில் அவருக்குப் பின்னால் போய், தொடாமல், இரண்டு கைகளையும் அக்குளுக்குக் கீழே ஏந்திக்கொண்டு நின்றாள். நல்ல கால் உதறி ஊன்றியது. மற்ற கால் கொஞ்சம் இழுபட்டுப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. எட்டு முடிவதற்குள் அவர் நின்றிருந்தார். முழங்கால் ஆடியது, ஆனால் நின்றிருந்தார். மூன்றாவது சுற்றைப் பிசியோவும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தாள். அவளுக்குச் சொற்கள் தெரியாததால் இவளுக்கு அரை நொடி பின்னாலேயே வந்தாள்.

எட்டு முடிந்தது. அவள் நிறுத்தினாள். அறையில் தூறலின் சத்தம் மட்டும் இருந்தது.

அவர் கம்பியை விட்டார். பிசியோவின் கைகள் நெருங்கின. இடது கையை நீட்டி அவள் தலைத்துணியைச் சுட்டிக் காட்டினார்.

“ஜோவா.”

இடுப்பில் ஏப்ரன் முடிச்சை. “ஜோவா.”

விரல் இன்னும் கீழே இறங்கியது. அவள் கால்கள் வெறுமையாக இருந்தன. வாசலில் நனைந்த ஈரம் தரையில் பாதம் பாதமாகப் படிந்திருந்தது.

அவர் சொல்லவில்லை. விரல் அங்கேயே நின்றது. முழங்காலின் ஆட்டம் தொடைக்கு ஏறியது. உட்காரவைத்துவிடலாம் என்று பிசியோ மெல்லச் சொன்னாள். மகன் ஒரு அடி எடுத்து வைத்தான். அவள் இருவரையும் கையால் தடுத்தாள்.

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஏதோ ஒன்றைப் பல்லிடுக்கிலிருந்து எடுக்கிறவர்போல் நாக்கு உள்ளே துழாவியது.

“செருப்பு,” என்றார். பிறகு, எரிச்சலோடு, எப்போதும் கேட்கிறமாதிரி: “செருப்பு எங்க?”

மகன் கையிலிருந்த சட்டை விழுந்தது. அவளுக்கு அதைப் பார்க்க இப்போது நேரமில்லை. கால் ஆடுகிற மனிதரை நிறுத்தி வைத்திருக்கிறாள். வாசலுக்குப் போய், நனைந்த செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் சதக் சதக்கென்று நடந்து வந்து அதே இடத்தில் நின்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். இரண்டையும் பார்த்தார்.

“ஜோவா,” என்றார்.

பிசியோ அவரை மெதுவாகக் கட்டிலில் இறக்கினாள். நெற்றி வியர்வையைத் தன் முழங்கையால் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் வருகிறேன், அதற்கு அடுத்த வாரமும் வருகிறேன், அந்த எண்களை மட்டும் எனக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள். மகன் பையைப் பார்த்தான். குனிந்து, விழுந்த சட்டையை எடுத்தவன், அதைப் பையில் வைக்காமல் அலமாரியில் வைத்தான்.

அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ எதிர்பார்க்கிறமாதிரி. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. ஜோடி என்றால் இரண்டு பேரும் பார்க்க வேண்டும் அல்லவா?

கையை நீட்டினாள். கலைந்த தலையைக் காட்டி, “ஜோவா,” என்றாள். கசங்கிய இடுப்புத் துணியைக் காட்டி, “ஜோவா.” விரலைக் கீழே இறக்கினாள். வீங்கிய வெறுங்கால்கள்.

அவள் சொல்லவில்லை. அவரும் தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

“அப்பாவோட செருப்பு கட்டிலுக்கடியில இருக்கு,” என்றாள் மகனிடம், நீட்டிய விரலை எடுக்காமல். “எடுத்துப் போட்டுவிடு. லைன் நிக்குது.”

அவன் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் கையை விட்டான்.